நிறைந்த கோயில்களைக் கடிந்தவர்கள்

ஆன்மிகப் புத்துயிர் என்றதும் நம் மனத்தில் எழுவது ஒரே சித்திரம்தான். வெறிச்சோடிக் கிடந்த கோயில்களில் மீண்டும் கூட்டம் சேரும், விட்டுப்போன நோன்புகளும் திருவிழாக்களும் திரும்பும். விவிலியத்தின் தீர்க்கதரிசிகளை, கத்தோலிக்கர் வழக்கில் சொன்னால் இறைவாக்கினர்களை, இந்தக் கண்ணோடுதான் பார்த்துப் பழகியிருக்கிறோம்: மக்கள் கடவுளை மறந்தார்கள், இவர்கள் வந்து கூவி அழைத்தார்கள், மக்கள் மனந்திரும்பினார்கள். அந்த நூல்களைப் பொறுமையாகப் படித்தால் இந்தச் சித்திரம் நிற்பதில்லை. ஆமோஸ் பேசியபோது பெத்தேல் கோயிலில் பலிக்கும் பாட்டுக்கும் குறைவே இருக்கவில்லை. ஏசாயா நூலின் முதல் அதிகாரம் காட்டும் எருசலேம் ஆலய முற்றத்தில் கூட்டம் நெரிகிறது. எரேமியா ஆலய வாசலில் நின்று பேசியது, வழிபாட்டுக்கென உள்ளே நுழைந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்து. பக்தி பொங்கி வழிந்த காலங்களில்தான் இவர்கள் வாய் திறந்தார்கள். அப்படியானால் இவர்கள் கொண்டுவந்த புத்துயிர் எது? அரசன், ஆலயம், மண் ஆகிய மூன்றின் பிடியிலிருந்தும் கடவுளை விடுவித்து, நீதியோடு சேர்த்துக் கட்டியதுதான் என்பது என் வாதம். கி.மு. 586இல் பாபிலோனியப் படை அந்த மூன்றையும் ஒருசேரப் பறித்தபோது யூதாவின் நம்பிக்கை அவற்றோடு சாகாமல் பிழைத்தது, முந்தைய நூற்றைம்பது ஆண்டுகளில் இந்த வேலை நடந்திருந்ததால்தான்.

ஆமோஸிலிருந்து தொடங்கலாம். அவருடைய ஊரான தெக்கோவா, எருசலேமுக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில், விளைநிலம் முடிந்து பாலை தொடங்கும் இடத்தில் இருந்தது. ஆடு வளர்த்தும் காட்டத்தி மரங்களைப் பராமரித்தும் பிழைத்த அவர், கி.மு. எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டி எல்லை தாண்டி வடக்கே இஸ்ரயேல் அரசுக்குப் போனார். அங்கே இரண்டாம் யெரொபெயாம் நாற்பது ஆண்டுக்கு மேல் நீண்ட ஆட்சியில், இழந்த எல்லைகளையெல்லாம் மீட்டு நாட்டைச் செழிக்க வைத்திருந்தான். அந்தச் செழிப்பு யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதற்குத் தலைநகர் சமாரியாவின் மண்ணே சாட்சி சொல்கிறது. 1910இல் அங்கே கிடைத்த பானையோடுகளில், எந்தெந்த ஊரிலிருந்து யார் பெயருக்குப் பழைய திராட்சை ரசமும் உயர்ந்த எண்ணெயும் வந்தன என்று மையால் கணக்கு எழுதியிருக்கிறார்கள். 1930களில் நடந்த அகழாய்வில் அரண்மனைப் பகுதியிலிருந்து நுட்பமாகச் செதுக்கிய தந்தத் துண்டுகள் நூற்றுக்கணக்கில் வெளிவந்தன. தந்தக் கட்டில்களில் சாய்ந்திருப்போரை ஆமோஸ் சாடியது கற்பனையில் எழுந்த படிமமோ என்று அதற்குப் பிறகு எவரும் சந்தேகிக்க வேண்டியிருக்கவில்லை. சொற்பக் கடனுக்காக ஏழையை விற்பது, கள்ளத் தராசு, தானியத்தோடு பதரைக் கலந்து விற்பது, நகர வாசலில் நடக்கும் வழக்குகளில் கைக்கூலி வாங்குவது என்று அவர் அடுக்கும் குற்றங்களில் பூசை தவறியது என்ற குற்றம் மட்டும் இல்லை. ஓய்வுநாள் எப்போது முடியும், கடையை எப்போது திறக்கலாம் என்று தவிக்கும் ஒரு வணிகனையும் அவர் காட்டுகிறார். அந்த வணிகன் ஓய்வுநாளை மீறவில்லை. சமயக் கடமையில் அவனிடம் யாரும் குறை காண முடியாது. ஆமோஸைக் கொதிக்க வைத்தது அதுவேதான்.

அவருடைய பட்டியலில் சிறியதாகத் தோன்றும் ஒரு குற்றம் என்னைத் திரும்பத் திரும்ப நிறுத்துகிறது. அடமானமாக வாங்கிய ஆடைகளின் மேல், பலிபீடத்துக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறார்கள் என்கிறார். ஏழையின் மேலாடையை அடகு வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பித் தர வேண்டும் என்பது மோசேயின் சட்டம், ஏனென்றால் இரவில் அவனுக்கு அதுதான் போர்வை. இத்தகைய வழக்கெல்லாம் உண்மையில் இருந்ததா என்று கேட்பவர்களுக்கு, மத்திய தரைக்கடல் ஓரத்தில் மெசாத் ஹஷாவ்யாஹு என்ற சிறிய கோட்டையில் 1960இல் கிடைத்த ஒரு பானையோட்டைக் காட்டலாம். ஆமோஸுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து, கி.மு. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்டது அது. அறுவடைக்கு வந்த ஒரு கூலியாள் அதிகாரியிடம் முறையிடுகிறான்: தன் பங்கு வேலையை முடித்தாயிற்று, ஆனாலும் மேற்பார்வையாளன் ஆடையைப் பறித்துக்கொண்டான், கூட அறுத்தவர்கள் எல்லாரும் சாட்சி சொல்வார்கள், இரக்கம் வைத்து வாங்கித் தர வேண்டும். மனுவில் பறித்தவனின் பெயர் இருக்கிறது, முறையிட்டவனின் பெயர் இல்லை. பலிபீடத்தருகே படுத்தவனுக்குப் பக்தி இல்லையென்று ஆமோஸ் சொல்லவில்லை. அவன் முதுகுக்குக் கீழே கிடப்பது எவனோ ஒருவனின் போர்வை என்றுதான் சொன்னார். வழிபாட்டின் நடுவில் நின்றுகொண்டு அந்தப் போர்வையைப் பார்க்கக் கற்றுக்கொடுத்ததுதான் தீர்க்கதரிசிகள் தொடங்கிவைத்த மாற்றம்.

அதே ஆமோஸ் மண்ணையும் விட்டுவைக்கவில்லை. அவருடைய நூல் தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று அண்டை நாடுகளின் கொடுமைகளை வரிசையாகக் கண்டிப்பதில் தொடங்குகிறது. கேட்டவர்கள் தலையாட்டியிருப்பார்கள். அந்த வரிசை யூதாவைத் தொட்டுக் கடைசியில் இஸ்ரயேலிலேயே வந்து நிற்கிறது. இதில் மோவாபின் மேல் வைக்கும் குற்றத்தைக் கவனிக்க வேண்டும்: ஏதோம் அரசனின் எலும்புகளை எரித்தார்கள் என்பது. பாதிக்கப்பட்டவரும் இஸ்ரயேலர் இல்லை, குற்றம் செய்தவரும் இல்லை. ஆயினும் இஸ்ரயேலின் கடவுள் அதற்குக் கணக்குக் கேட்கிறார். நூலின் முடிவில் இன்னும் ஒரு படி மேலே போய், எகிப்திலிருந்து உங்களை அழைத்து வந்தவர்தான் பெலிஸ்தரையும் அராமியரையும் அவர்களுடைய பழைய இடங்களிலிருந்து அழைத்து வந்தார் என்கிறார். ஒரு மக்கள்கூட்டம் தன் மேன்மைக்கு ஆதாரமாகப் பிடித்திருந்த தொடக்கக் கதையையே பொதுச்சொத்தாக்கிவிட்டார். பெத்தேலின் தலைமைப் பூசாரி அமத்சியா அவரைத் துரத்தியபோது கோயிலின் புனிதத்தைக் காரணமாகச் சொல்லவில்லை. இது அரசனுக்குரிய ஆலயம் என்றுதான் சொன்னான். சிக்கல் எங்கே இருந்தது என்பதை அவன் அறிந்திருந்தான்.

கடவுளின் பெயரால் பேசுவோர் இஸ்ரயேலில் மட்டும் இருந்தார்கள் என்று எண்ண வேண்டாம். யூப்ரட்டீஸ் கரையில், இன்றைய சிரியாவில் இருந்த மாரி நகரத்தின் அரண்மனையில், கி.மு. 18ஆம் நூற்றாண்டுக் களிமண் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. தெய்வ அருள் வந்து பேசியவர்களின் சொற்களை அவற்றில் சில அரசன் சிம்ரி-லிம்முக்குத் தெரிவிக்கின்றன. அநீதிக்கு ஆளானவன் முறையிட்டு வந்தால் அவன் வழக்கைத் தீர்த்துவை என்று அலெப்போவின் தெய்வம் அவனுக்குச் சொல்லி அனுப்பிய கடிதமும் உண்டு. அசீரியாவில் எசர்ஹாதோன் காலத்தில் இஷ்தார் தெய்வத்தின் பெயரால் பேசியவர்கள், அவர்களில் பலர் பெண்கள், அரசனுக்குத் துணிவூட்டினார்கள். ஆகவே நீதியைப் பற்றிய பேச்சும் தெய்வ வாக்கும் அப்பகுதியின் பொது மரபு. வேறுபாடு அந்தச் சொற்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் இருக்கிறது. மாரியிலும் நினிவேயிலும் அவை அரசனின் ஆவணங்களாகி, அரண்மனை அழிந்தபோது அதோடு புதைந்தன. அகழாய்வாளர்கள் தோண்டி எடுக்கும்வரை உலகத்தில் எவரும் அவற்றைப் படிக்கவில்லை. மோவாப் அரசன் மேசா நாட்டிய கல்வெட்டையும் இங்கே சொல்ல வேண்டும். கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கல், தன் தெய்வமான கேமோஷ் நாட்டின் மேல் சினம் கொண்டதால்தான் இஸ்ரயேல் மோவாபை ஒடுக்கியது என்கிறது. தோல்வியைத் தெய்வத்தின் கோபமாகப் படிக்க மோவாபியருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் கேமோஷ் ஏன் சினந்தார் என்று கல்வெட்டு சொல்வதில்லை. கல் நடப்பட்டதும் வெற்றிக்குப் பிறகு. காரணம் சொல்லப்படாத கோபத்திலிருந்து ஒரு மக்கள் திருந்துவதற்கு எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

யூதாவில் கதை இன்னும் சிக்கலானது, ஏனென்றால் அங்கே தீர்க்கதரிசி ஒருவரின் ஆறுதலே அடுத்தவர் உடைக்க வேண்டிய பொய்யாக மாறியது. கி.மு. 701இல் அசீரிய மன்னன் சனகெரிப் யூதாவின் மேல் படையெடுத்தான். அரணுள்ள 46 ஊர்களைப் பிடித்ததாக அவனுடைய சொந்தக் குறிப்பே பெருமை பேசுகிறது. லாகீசு நகரத்தை அவன் வீழ்த்திய காட்சி அரண்மனைச் சுவரில் செதுக்கப்பட்டு, இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எருசலேம் மட்டும் விழவில்லை. விழாது என்று ஏசாயா எசேக்கியா அரசனுக்குச் சொல்லியிருந்தார். அந்த மீட்பு அடுத்த நூறு ஆண்டுகளில் ஒரு கோட்பாடாக இறுகியது: கடவுளின் ஆலயம் இங்கே இருக்கும்வரை நகரத்தை எவரும் தொட முடியாது. கி.மு. 622இல் யோசியா அரசன் ஆலயத்தில் கிடைத்த சட்ட நூலைக் கொண்டு பெரும் சீர்திருத்தம் செய்தான். மேட்டுக் கோயில்களை இடித்தான், வழிபாட்டை எருசலேமில் குவித்தான், பாஸ்கா விழாவைக் கோலாகலமாக நடத்தினான். அரசாணையால் செய்யக்கூடிய ஆன்மிகப் புத்துயிர் முழுவதும் செய்யப்பட்டது. நூலைப் பற்றிக் கேட்கச் சென்றவர்களிடம் உல்தாள் என்ற பெண் தீர்க்கதரிசி கூறிய பதில் இதமானதாக இல்லை: அரசன் நல்லவன், அவன் கண் அழிவைக் காணாது, நகரத்துக்கு வருவதோ வந்தே தீரும். 609இல் மெகிதோவில் யோசியா கொல்லப்பட்டதும் சீர்திருத்தம் அவனோடு கலைந்தது. ஆலயத்தின் மேல் வைத்த குருட்டு நம்பிக்கை மட்டும் முன்னிலும் வலுத்து நின்றது.

யோயாக்கீம் பட்டத்துக்கு வந்த தொடக்கத்தில் எரேமியா ஆலய வாசலில் நின்று தாக்கியது அந்த நம்பிக்கையைத்தான். அகதியையும் அனாதையையும் விதவையையும் ஒடுக்கிவிட்டு இங்கே வந்து பத்திரமாக இருக்கிறோம் என்கிறீர்கள், சீலோவுக்குப் போய்ப் பாருங்கள், ஒரு காலத்தில் உடன்படிக்கைப் பெட்டி இருந்த அந்த இடம் இன்று பாழாய்க் கிடக்கிறது என்ற பொருளில் பேசினார். குருக்கள் அவரைப் பிடித்து மரண தண்டனை கேட்டார்கள். அப்போது ஊர்ப் பெரியவர்கள் சிலர் எழுந்து, நூறு ஆண்டுக்கு முன் மோரேசா ஊரைச் சேர்ந்த மீகா, சீயோன் உழுத வயலாகும் என்று சொன்னதையும், எசேக்கியா அவரைக் கொல்லாமல் மனம் வருந்தியதையும் நினைவுபடுத்தினார்கள். தீர்க்கதரிசி என்றால் வருவதை முன்கூட்டிச் சொல்பவர் என்று நினைப்பவர்கள் இந்தக் காட்சியை ஆழ்ந்து பார்க்க வேண்டும். மீகா சொன்னது அப்போது நடக்கவில்லை. ஆனாலும் பெரியவர்கள் அவரைப் பொய்த்துப்போனவராகக் கருதவில்லை, கேட்டவர்கள் திருந்தியதால் அவருடைய சொல் தன் வேலையைச் செய்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டார்கள். நாட்டுப்புறத்தான் ஒருவன் தலைநகரத்துக்கு எதிராகச் சொன்ன கடுஞ்சொல்லை மூன்று நான்கு தலைமுறை மனத்தில் வைத்திருந்த மக்கள் இருந்தார்கள் என்பதும் இதிலிருந்து தெரிகிறது. அன்று எரேமியா தப்பினார். அதே செய்தியைச் சொன்ன உரியா தப்பவில்லை. எகிப்துக்கு ஓடிய அவரை ஆள் அனுப்பிப் பிடித்து வந்து யோயாக்கீம் வெட்டிக் கொன்றான்.

கி.மு. 604இன் குளிர்காலத்தில் நடந்த இன்னொரு நிகழ்ச்சி, சொல் எப்படிக் காக்கப்பட்டது என்பதை வெளிச்சமாக்குகிறது. எரேமியா சொல்லச் சொல்ல எழுத்தர் பாருக்கு எழுதிய சுருளை, சாப்பானின் மகன் கெமரியாவின் அறையிலிருந்து மக்கள் கேட்க வாசித்தார்கள். அது அரண்மனைக்குப் போனது. கணப்படுப்பின் முன் உட்கார்ந்திருந்த யோயாக்கீம், மூன்று நான்கு பத்தி வாசித்து முடித்ததும் அந்தப் பகுதியை எழுத்தரின் கத்தியால் அறுத்து நெருப்பில் போட்டான். இப்படியே சுருள் முழுவதும் எரிந்தது. எரிக்க வேண்டாம் என்று கெஞ்சியவர்களில் கெமரியாவும் ஒருவர். எரேமியாவும் பாருக்கும் இன்னொரு சுருள் எழுதினார்கள், முன்னதைவிடக் கூடுதலாக. 1982இல் எருசலேமில் தாவீதின் நகரம் எனப்படும் பகுதியில் யிகால் ஷீலோ நடத்திய அகழாய்வில், ஒரே வீட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட களிமண் முத்திரைகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று சாப்பானின் மகன் கெமரியாவின் பெயரைத் தாங்கியிருந்தது. 586இல் பாபிலோனியர் வைத்த தீ அந்த வீட்டிலிருந்த ஆவணங்களைச் சாம்பலாக்கி, அவற்றின் மேலிருந்த முத்திரைகளைச் சுட்டு இறுக்கி நமக்கு மிச்சம் வைத்தது. சாப்பானின் குடும்பம் இந்தக் கதை நெடுகிலும் வருகிறது: யோசியாவிடம் சட்ட நூலை வாசித்தவர் சாப்பான், கொலைக் கூட்டத்திடமிருந்து எரேமியாவைக் காத்தவர் அவர் மகன் அகீக்காம். புத்துயிர் என்பது தனியொருவரின் குரலால் மட்டும் வருவதில்லை. அந்தக் குரலுக்கு வீட்டில் இடம் கொடுத்த எழுத்தர் குடும்பங்களையும் நன்றியோடு நினைக்க வேண்டும்.

பிறகு அழிவு வந்தது. 597இல் இளம் அரசன் யோயாக்கீனும் மேல்தட்டினரும் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவனுக்கும் அவன் மகன்களுக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு பாபிலோன் அரண்மனையின் களிமண் பலகைகளில் இருக்கிறது. இரண்டே ஆண்டில் எல்லாம் திரும்பிவிடும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி எருசலேமில் முழங்கி, எரேமியாவின் கழுத்திலிருந்த மர நுகத்தை முறித்துப்போட்டான். எரேமியா நாடுகடத்தப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம் நேர்மாறானது: வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், இருக்கும் நகரத்தின் நலனுக்காக வேண்டுங்கள். பகைவனின் நகரத்திலிருந்து, ஆலயமில்லாமல், பலியில்லாமல் செய்யும் வேண்டுதல் கேட்கப்படும் என்பது அன்றைய உலகத்தில் எவ்வளவு துணிச்சலான சொல் என்று இன்று உணர்வது கடினம். அதே நேரத்தில் கேபார் ஆற்றங்கரையில் குருமரபைச் சேர்ந்த எசேக்கியேல், இறைமகிமை ஆலயத்தைத் தானே விட்டு வெளியேறிக் கிழக்கே நகர்வதைக் காட்சியில் கண்டார். கிழக்கே இருந்தவர்கள் யார்? சிறைப்பட்டுப் போனவர்கள். அவர்களுக்குத் தாமே ஒரு சிறு ஆலயமாக இருப்பதாகக் கடவுள் சொன்னார் என்றும் அவர் எழுதினார். கல்நெஞ்சு போய்ச் சதையுள்ள நெஞ்சு வரும், உலர்ந்த எலும்புகள் எழுந்து நிற்கும் என்று அவர் உரைத்த புகழ்பெற்ற சொற்கள் பிறந்த இடம் இதுதான். அந்த நம்பிக்கையைத் தனியே பெயர்த்தெடுத்து மேற்கோளாக்கினால் அது வெறும் தேறுதலாகிவிடும். முதலில் ஆலயத்திலிருந்து கடவுள் வெளியேற வேண்டியிருந்தது; வெளியேறியவரால்தான் அகதிகளோடு வர முடிந்தது. பாபிலோனியாவில் யூதாவூர் என்றே பெயர் பெற்ற குடியிருப்பு ஒன்றின் ஒப்பந்தப் பலகைகள், கி.மு. 572 முதல் ஒரு நூற்றாண்டு அளவுக்கு, குத்தகையும் வரியும் கடனுமாக நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் வரும் தந்தையும் மகனும் யாவே என்ற இறைப்பெயரை உள்ளடக்கிய பெயர்களைத் தொடர்ந்து சூட்டிக்கொள்கிறார்கள். தோற்றுப்போன ஒரு தெய்வத்தின் பெயரைப் பிள்ளைக்கு யார் வைப்பார்கள்?

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். தீர்க்கதரிசிகளின் சொல்தான் காப்பாற்றியது என்றால், ஆமோஸும் ஓசேயாவும் பேசிய வட அரசு ஏன் காப்பாற்றப்படவில்லை? கி.மு. 722ஐ ஒட்டி அசீரியா சமாரியாவைப் பிடித்து மக்களை நாடுகடத்தியது. அப்படிப் போனவர்கள் அந்தப் பேரரசில் கரைந்தே போனார்கள். மறுப்பு நியாயமானதுதான், பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆமோஸ் பேசி ஏறத்தாழ ஒரே தலைமுறைக்குள் சமாரியா விழுந்தது. சொல் வேர் பிடிக்க நேரமிருக்கவில்லை. ஆனால் அந்தச் சொற்கள் தெற்கே யூதாவுக்கு வந்து சேர்ந்தன. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேம் திடீரெனப் பெருத்ததையும், நாமன் அவிகாத் தோண்டிய சுமார் ஏழு மீட்டர் அகலச் சுவர் அப்போது எழுந்ததையும் வடக்கிலிருந்து வந்த அகதிகளோடு பல அறிஞர்கள் இணைத்துப் பார்க்கிறார்கள். ஓசேயாவின் நூல் யூதா அரசர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லித் தொடங்குவது, அது தெற்கில் தொகுக்கப்பட்டதன் அடையாளம். ஒரு நாடு அழிந்ததற்கான காரணம் எழுத்தில் கையிலிருக்க, நூற்று முப்பது ஆண்டுக்கு மேல் அதைப் படித்துக்கொண்டிருந்த இன்னொரு நாடு தன் அழிவைச் சந்தித்தது. வடக்கின் அழிவு என் வாதத்தை உடைக்கவில்லை, அதற்கு ஆகும் காலத்தைக் காட்டுகிறது.

இந்த நூல்களெல்லாம் பின்னால் வந்தவர்கள் திருத்தியவை, நம்பிக்கை தரும் பகுதிகள் பிற்சேர்க்கைகள், எனவே தீர்க்கதரிசிகளைப் புத்துயிரின் முன்னோடிகள் என்பது பின்னோக்கிப் பூசிய வண்ணம் என்று கல்விப் புலத்திலிருந்து இன்னொரு மறுப்பு வரும். திருத்தங்கள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. எரேமியாவின் கிரேக்க வடிவம் எபிரேய வடிவத்தைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு சிறியது. சாக்கடல் ஓரத்துக் கும்ரானில் கிடைத்த ஒரு எபிரேயத் துணுக்கும் அந்தக் குறுகிய வடிவத்தை ஒத்திருப்பதால், இரண்டு வடிவங்களும் ஒரு காலத்தில் எபிரேயத்திலேயே புழங்கியிருக்க வேண்டும். ஏசாயா நூலின் 40ஆம் அதிகாரத்திலிருந்து வருபவை, 539இல் பாபிலோனைப் பிடித்த பாரசீக மன்னன் கோரேசைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் பகுதி உட்பட, எட்டாம் நூற்றாண்டு ஏசாயாவின் காலத்துக்கு மிகப் பிந்தியவை என்பது இன்று பெரும்பாலான அறிஞர்கள் ஏற்ற முடிவு. ஆனால் இது என் வாதத்துக்குத் துணையே செய்கிறது. நாடும் அரசனும் இல்லாத ஒரு கூட்டம், தன் முன்னோரைக் கிழித்தெறியும் சொற்களை அழிக்காமல், அவற்றின் தொடர்ச்சியாகவே தன் நம்பிக்கையை எழுதிவைத்தது. அது நடந்துகொண்டிருந்த புத்துயிரின் கையெழுத்து. பெயர் தெரியாத அந்த ஏசாயா மரபினர் கண்டனங்களை நீக்கியிருந்தால்தான் நாம் சந்தேகப்பட வேண்டும்.

தீர்க்கதரிசிகள் சடங்குக்கும் ஆலயத்துக்கும் எதிரிகள் என்று முடிவு கட்டுவோரும் உண்டு. இது எளிமைப்படுத்தல். ஏசாயாவுக்கு அழைப்பு வந்தது ஆலயத்துக்குள் கண்ட காட்சியில். எசேக்கியேல் குருகுலத்தவர், புதிய ஆலயத்தை முழம் போட்டு அளந்து எழுதியவர். 520இல் ஆகாயும் சகரியாவும் ஆலயத்தைக் கட்டுங்கள் என்று தூண்டியதால்தான் 515இல் இரண்டாம் ஆலயம் எழுந்தது. ஆனால் அந்தக் கட்டுமானம் நடந்துகொண்டிருந்தபோதே, பழைய ஆலயம் எரிந்த மாதத்து நோன்பைத் தொடரலாமா என்று கேட்டு வந்தவர்களிடம் சகரியா திருப்பிக் கேட்டது, நீங்கள் யாருக்காக நோன்பிருந்தீர்கள் என்பது. விதவைக்கும் அனாதைக்கும் நியாயம் செய்யும் பேச்சுக்கு அவர் உடனே வந்துவிடுகிறார். ஆலயம் வேண்டும், ஆனால் அது ஜாமீன் ஆகாது என்ற நிலை இது.

இந்த மரபில் இரத்தக்கறையும் உண்டு. எலியா கீசோன் ஆற்றங்கரையில் பாகாலின் தீர்க்கதரிசிகளைக் கொன்றதையும், எலிசாவின் தூண்டுதலால் யெகூ அரசனாகி யெஸ்ரயேலில் ஆகாபின் வம்சத்தையே வெட்டிச் சாய்த்ததையும் புத்துயிர் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. வியப்பு என்னவென்றால், விவிலியத்துக்குள்ளேயே அதற்குக் கண்டனம் இருக்கிறது. ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து வந்த ஓசேயா, தன் முதல் பிள்ளைக்கு யெஸ்ரயேல் என்று பெயர் வைத்து, அங்கே சிந்திய இரத்தத்துக்கு யெகூவின் வீடு கணக்குக் கொடுக்க வேண்டும் என்றார். ஒரு தீர்க்கதரிசி தொடங்கிவைத்ததை இன்னொரு தீர்க்கதரிசி குற்றமென்று தீர்த்தார். தன்னைத்தானே திருத்திக்கொள்ள முடிந்த மரபு என்பதால்தான் இதை நம்பலாம் என்று நினைக்கிறேன்.

இதனால் மக்கள் உண்மையில் மாறினார்களா? முழுதாக மாறினார்கள் என்று சொல்ல முடியாது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில் பாரசீக அரசின் ஆளுநராக எருசலேமுக்கு வந்த நெகேமியா, பஞ்சத்திலும் வரியிலும் சிக்கியவர்கள் நிலத்தையும் திராட்சைத் தோட்டத்தையும் அடகு வைத்து, பெற்ற பிள்ளைகளையே அடிமையாக விட்டிருந்ததைக் கண்டார். ஆமோஸ் கண்டித்த அதே குற்றம், முந்நூறு ஆண்டு கழித்து. ஆனால் இம்முறை நடந்தது வேறு. பெரிய கூட்டம் கூட்டப்பட்டது, கடன் கொடுத்தவர்கள் வாயடைத்து நின்றார்கள், நிலங்களைத் திருப்பித் தருவதாகக் குருக்களின் முன் ஆணையிட்டார்கள். பெத்தேலில் ஆமோஸை விரட்டிய சமூகத்துக்கும் இந்தக் கூட்டத்துக்கும் இடையே மனச்சாட்சியில் நேர்ந்த தூரத்தைத்தான் புத்துயிர் என்கிறேன். குற்றம் ஒழியவில்லை, குற்றத்தைக் குற்றமென்று ஒப்புக்கொள்ளும் பொதுமொழி உருவாகியிருந்தது.

கடைசியாக, கிறிஸ்தவ வாசகர்கள் மனத்தில் வைக்க வேண்டிய ஓர் எச்சரிக்கை. தீர்க்கதரிசிகளின் கடுஞ்சொற்களை யூதர்களுக்கு எதிரான குற்றப்பத்திரிகையாகத் திருச்சபை நூற்றாண்டுக்கணக்கில் பயன்படுத்தியது, அதன் விளைவுகள் கொடியவை. அந்தச் சொற்களைச் சொன்னவர்கள் யூதாவின் பிள்ளைகள், சுருளில் எழுதியவர்களும் படியெடுத்துக் காத்தவர்களும் அதே மக்கள். 1947இல் கும்ரான் குகையில் கிடைத்த, ஏழு மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஏசாயாச் சுருள் கிறிஸ்துவுக்கு முந்தைய காலத்து யூத எழுத்தரின் கைவேலை. தன்னைப் பற்றிய இவ்வளவு கடுமையான தீர்ப்பைத் தன் மறைநூலாக வைத்துக்கொண்ட இன்னொரு மக்கள் அந்த வட்டாரத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. யூதர்கள் அதை இன்றும் மறைத்து வைக்கவில்லை. ஆலயம் அழிந்த நாளை நினைத்து நோன்பிருக்கும் ஆப் மாதம் ஒன்பதாம் நாளுக்கு முந்தைய ஓய்வுநாளில், ஏசாயாவின் அந்தக் கண்டிப்பான முதல் அதிகாரத்தை வாசிக்கிறார்கள். ஆண்டிலேயே மிகக் கடுமையான நோன்பு நாளான யோம் கிப்பூரின் காலை வழிபாட்டில், தண்ணீரும் பருகாமல் நிற்கும் சபைக்கு வாசிக்கப்படுவது, நோன்பிருந்துகொண்டே வேலையாட்களைப் பிழிந்தெடுப்பவர்களைச் சாடி, பசித்தவனுக்குச் சோறு பகிர்வதையே நோன்பென்று சொல்லும் 58ஆம் அதிகாரம். பிற்பகலில் யோனாவின் நூல் முழுவதும் வாசிக்கப்படுகிறது, பகைவரின் தலைநகரான நினிவே மன்னிப்புப் பெற்ற கதை.